அண்ணனுக்குத் தம்பி உண்டா?

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., விலங்கியல்)

ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டு அறிவிப்புப் பலகையில் தாள் ஒட்டப்பட்ட அன்று, "நீ மலையிலிருந்து வருகிறவன். ஜவ்வாது மலையின் இயற்கை எழிலைப் பற்றி எழுதிக் கொடு" என்றார் எங்கள் தமிழ்ப் பேராசிரியர். பீமன் அருவியையும் சந்தன மரத்தையும் பற்றி எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். அருவியைப் பற்றிச் சென்ற ஆண்டு மலரிலேயே ஒருவர் எழுதிவிட்டார். சந்தன மரத்தைப் பற்றி எழுத இன்று அதிகம் மிச்சமில்லை. ஆகவே எழிலை வேறொரு நண்பருக்கு விட்டுவிட்டு, பொங்கல் விடுமுறையில் எங்கள் வீட்டுத் திண்ணையில் நடந்த ஒரு பேச்சிலிருந்து தொடங்குகிறேன். பேராசிரியர் பொறுத்தருள வேண்டும்.

பொங்கலுக்கு அக்கா பிள்ளைகளோடு வந்திருந்தாள். அவளுடைய மூத்த மகனுக்கு எட்டு வயது, இளையவனுக்கு ஐந்து, கடைக்குட்டிப் பெண்ணுக்கு இரண்டு. இளையவனை மடியில் வைத்துக்கொண்டு கேட்டேன்.

"உனக்கு அண்ணன் இருக்கானா?"

"இருக்கான்."

"உன் அண்ணனுக்குத் தம்பி இருக்கானா?"

வாசலில் பம்பரம் விட்டுக்கொண்டிருந்த அண்ணனை ஒரு முறை பார்த்தான். யோசித்தான். "இல்ல மாமா" என்றான்.

திண்ணையில் இருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். அவனும் எதற்கென்று தெரியாமலே எங்களோடு சேர்ந்து சிரித்தான்.

நண்பர்களே, இது என் மூளையில் உதித்த கேள்வி அன்று. சுவிட்சர்லாந்து நாட்டு அறிஞர் ழான் பியாஜே (1896–1980) ஜெனீவா நகரத்துக் குழந்தைகளிடம் கேட்ட கேள்வி. 1924இல் வெளிவந்த அவருடைய நூலில் அது இருக்கிறது. நம் நூலகத்தில், விலங்கியல் நூல்களுக்கு அடுத்த அடுக்கில் யாரோ மாற்றி வைத்துவிட்டுப் போன உளவியல் நூல் ஒன்றில் அதைப் பற்றிப் படித்தேன். 'சகோதரன் என்றால் யார்?' என்று மிகச் சிறிய பிள்ளைகளைக் கேட்டால், 'ஒரு பையன்' என்பார்களாம். கொஞ்சம் வளர்ந்தவர்கள், 'வீட்டில் இரண்டு பிள்ளைகள் இருந்தால்தான் சகோதரன்' என்பார்களாம். என் சகோதரனுக்கு நான் சகோதரன் என்று திருப்பிப் பார்க்கும் அறிவு ஒன்பது பத்து வயதை ஒட்டித்தான் வருகிறது என்கிறார் பியாஜே. காரணம் என்ன? குழந்தை தன் கண்ணால் எல்லாரையும் பார்க்கிறது. பிறர் கண்ணால் தன்னைப் பார்க்க அதற்கு இன்னும் தெரியாது.

இங்கே எனக்கு ஒரு சிறு மாறுபாடு உண்டு. அந்த நாட்டு மொழியில் இருபுறமும் ஒரே சொல். நமக்கோ ஒரு புறம் அண்ணன், மறு புறம் தம்பி. காலை முதல் இரவு வரை 'தம்பி, தம்பி' என்று கூப்பிடப்படும் பிள்ளைக்கு அது ஏறக்குறையத் தன் பெயராகவே ஆகிவிடுகிறது. அதை இன்னொருவனுக்கு உரிய உறவாக அவன் எப்படி எண்ணுவான்? பியாஜே ஜமுனாமரத்தூருக்கு வந்திருந்தால் இன்னும் கொஞ்சம் சிரமப்பட்டிருப்பார்.

இன்னொரு ஆராய்ச்சியும் கேளுங்கள். 1984இல் அமெரிக்காவில் கைல், பேட்டர்மன் என்னும் இருவர் குழந்தைகளிடம் மாமனைப் பற்றிக் கேட்டார்கள். அப்பா வயதுள்ள ஒருவர் அடிக்கடி வீட்டுக்கு வருகிறார், அன்பாகப் பரிசெல்லாம் தருகிறார், ஆனால் சொந்தக்காரர் அல்லர். அவர் மாமன் ஆவாரா? அம்மாவுக்கு இரண்டே வயதில் ஒரு தம்பி இருக்கிறான். அவன் மாமன் ஆவானா? சிறு பிள்ளைகள் பரிசு தருபவரை மாமன் என்றார்கள். இரண்டு வயதுத் தம்பியை ஒப்புக்கொள்ளவில்லை. வயது ஏற ஏறத்தான், மீசையும் பரிசும் மாமனை ஆக்குவதில்லை, அம்மாவோடு பிறந்ததே ஆக்குகிறது என்று விளங்கியது.

எங்கள் மலையில் இந்தக் கேள்வியைக் கேட்டால் பிள்ளைகள் சிரிப்பார்கள். என்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவன் எனக்குச் சித்தப்பா முறை. வாத்தியார் கேட்டால் மட்டும் பெயர் சொல்லுவேன். நம் ஊர்க் குழந்தைகளுக்கு உறவின் இலக்கணம் சீக்கிரமே வந்துவிடுகிறது. மற்றவர்கள் இதைப் பெருமையாகச் சொல்லுவார்கள். நான் கவலையோடு சொல்லுகிறேன்.

ஏனென்றால் நம் உறவுச் சொற்களுக்குள்ளேயே கல்யாணம் இருக்கிறது. அம்மாவின் அண்ணன் தம்பியும் மாமன். பெண் கொடுத்தவரும் மாமன். அப்பாவுடன் பிறந்தவளும் அத்தை, மாமியாரும் அத்தை. பெரியப்பா மகள் அக்கா அல்லது தங்கை; மாமன் மகள் மட்டும் முறைப்பெண். அமெரிக்க அறிஞர் மார்கன் 1871இல் எழுதிய பெருநூலில், தமிழரின் உறவுச் சொற்களின் அமைப்பும் அமெரிக்கச் செவ்விந்தியரான இராக்குவாய் மக்களின் அமைப்பும் ஒத்திருப்பதைக் கண்டு வியந்திருக்கிறார். பிற்காலத்தில் தமிழகத்துக்கு வந்து பிரமலைக் கள்ளரிடையே ஆய்வு செய்த பிரெஞ்சு அறிஞர் லூயி துய்மோன், 1953இல் இதை இன்னும் தெளிவாக்கினார். மாமன் என்பவர் அம்மாவின் உடன்பிறந்தவர் மட்டும் அல்லர். முதலில் அவர் அப்பாவின் மைத்துனர். நிலம் தகப்பனிடமிருந்து மகனுக்கு வருவதைப் போலவே இந்தச் சம்பந்தமும் அடுத்த தலைமுறைக்கு இறங்கி வருகிறது என்பது அவர் கருத்து.

வெள்ளைக்காரர் சொல்லித்தான் நமக்குத் தெரிய வேண்டுமா என்று கேட்காதீர்கள். அக்காவுக்குப் பெண் குழந்தை பிறந்த இரண்டாம் நாள், பார்க்கப் போன என்னிடம் பக்கத்து வீட்டு அம்மாள், "உனக்குத்தாண்டா பொண்ணு பொறந்திருக்கு" என்றார். எனக்கு அப்போது பதினெட்டு வயது. குழந்தை கண்ணைக்கூடத் திறக்கவில்லை. அதற்குள் அதன் வாழ்வில் ஒரு முறை எழுதியாகிவிட்டது! கேலிதான், யாரும் அதை உண்மையாக எண்ணவில்லை. ஆனால் கேலியிலேயே வளரும் குழந்தை எதைக் கற்றுக்கொள்கிறது? கல்யாணம் என்பது ஒருநாள் எடுக்கப்போகிற முடிவு என்றா, மூக்கும் முழியும் போலக் கூடவே பிறந்தது என்றா?

இனி என் கதைக்கு வருகிறேன்.

2016இல் அக்காவுக்குக் கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளை எங்கள் தாய்மாமன் மகன். அக்கா ஒன்பதாம் வகுப்பு முடித்திருந்தாள், வயது பதினைந்து. எனக்குப் பதினொன்று. அந்தக் கல்யாணத்தில் எனக்கு என்ன புரிந்தது என்று இன்று எண்ணிப் பார்க்கிறேன். புது கால்சட்டை புரிந்தது. பந்தல், ரேடியோ செட், கறிச்சோறு புரிந்தன. மாமன் வீட்டார் பரியம் கொண்டுவந்து வைத்ததும் பெரியவர்கள் எண்ணிப் பார்த்ததும் புரிந்தன. சமவெளி நண்பர்களுக்கு ஒரு வார்த்தை: எங்களில் பணம் மாப்பிள்ளை வீட்டிலிருந்து பெண் வீட்டுக்கு வரும். வரதட்சணைக் கொடுமையைப் பற்றி நீங்கள் பட்டிமன்றம் நடத்தும்போது எனக்குக் கொஞ்சம் கர்வமாகக்கூட இருக்கும். கணவன் மனைவி ஒத்துவராவிட்டால் ஊர் கூடித் தீர்த்துவிடுவதும், மறுமணமும் எங்களுக்குப் புதியவை அல்ல. மலைவாசிகள் என்றால் எல்லாவற்றிலும் பிற்பட்டவர்கள் என்று எண்ணிவிட வேண்டாம்.

கல்யாணம் முடிந்த நாலாம் நாள் அம்மாவிடம், "அக்கா எப்பம்மா வரும்?" என்று கேட்டேன். "இனிமே அதுக்கு அங்கதாண்டா" என்றாள் அம்மா. நான் அதையும் ஆஸ்டல் மாதிரி என்று எடுத்துக்கொண்டேன். உண்டு உறைவிடப் பள்ளியில் சேர்ந்த பிள்ளைகள் முழு ஆண்டு விடுமுறைக்கு வீடு திரும்பிவிடுவார்கள் அல்லவா? அதுபோல் அக்காவும் மே மாதம் வந்துவிடுவாள், வந்தால் நம்மோடுதான் இருப்பாள் என்று பல நாள் நம்பிக்கொண்டிருந்தேன்.

அக்காவின் ஜியாமெட்ரி பாக்ஸ் எனக்கு வந்தது. எட்டாம் வகுப்பு வரை கணக்கில் அவள்தான் முதல். உள்மூடியில் காம்பஸ் முனையால் தன் பெயரைக் கீறி வைத்திருந்தாள். அது எனக்குக் கிடைத்ததில் அன்று அளவில்லாத மகிழ்ச்சி.

அடுத்து 2020. கொரோனா ஊரடங்கில் பள்ளிகளை மூடினார்கள். நான் ஒன்பதாம் வகுப்பு முடித்திருந்தேன். மலையில் செல்போன் சிக்னல் கிடைப்பதே அரிது. ஆன்லைன் வகுப்பு எங்களுக்கு வானொலியில் கேட்ட செய்தியாகவே இருந்தது. பள்ளி திறந்தபோது என் வகுப்புப் பெண்கள் சிலர் திரும்பி வரவில்லை. கல்யாணம் ஆகிவிட்டது. அதைக் குறித்து ஆசிரியர் ஒருவர் வருத்தப்பட்டுப் பேசினார். நான் எழுந்து நின்று, "சார், அது எங்க முறை" என்றேன். மலைப் பிள்ளைகள் எல்லாரும் கைதட்டினார்கள்! அன்று எனக்கு உறவு தெரியும், முறை தெரியும், யாருக்கு யார் என்று தெரியும். ஐந்து வயதில் அண்ணனுக்குத் தம்பி இல்லை என்று சொல்லும் பிள்ளையைவிட எவ்வளவோ வளர்ந்துவிட்டேன். ஆனாலும் பிறர் இடத்தில் நின்று பார்க்கும் அறிவு வரவில்லை. வராத பெண்களின் இடத்தில் நின்று நான் ஒருநாளும் பார்க்கவில்லை.

பியாஜே 1932இல் எழுதிய இன்னொரு நூலில் கோலி ஆட்டம் வருகிறது. பிள்ளைகளோடு உட்கார்ந்து, 'இந்த ஆட்டத்தின் விதிகளை யார் செய்தார்? மாற்றலாமா?' என்று கேட்டிருக்கிறார். சிறியவர்கள், விதி பெரியவர்களிடமிருந்து வந்தது, மாற்றவே கூடாது என்றார்கள். பெரிய பிள்ளைகளோ, ஆடுகிற எல்லாரும் ஒத்துக்கொண்டால் மாற்றலாம் என்றார்கள். இதைப் படித்தபோது எனக்குச் சுருக்கென்றது. கோலியில் நாங்கள் பத்துப் பன்னிரண்டு வயதிலேயே விதி மாற்றியவர்கள்தாம். கல்யாணத்தில் மட்டும் நாற்பது ஐம்பது வயதானவர்களும் சிறு பிள்ளைகளைப் போலவே பேசுகிறோம்: விதி மேலிருந்து வந்தது, தொடக்கூடாது!

மேலிருந்து வந்ததுதானா என்பதற்கு எங்கள் மரபியல் வகுப்பு ஒரு விடை சொன்னது. கரும்பலகையில் வம்சாவளிப் படம் போட்டுக் கணக்கிட்டோம். பெரியப்பா மகளுக்கும் எனக்கும் பொதுவான மரபணுக்களின் பங்கு எட்டில் ஒன்று. மாமன் மகளுக்கும் எனக்கும் அதே எட்டில் ஒன்று. கணக்கு ஒன்றே! அப்படியிருக்க ஒருத்தி தங்கை, அவளைப் பற்றி நினைப்பதே பாவம். இன்னொருத்தி முறைப்பெண், அவளை வேண்டாம் என்று சொல்லுவதே பாவம். இரத்தத்துக்கு இந்த வேறுபாடு தெரியாது. மனிதர் வகுத்தது. (உறவில் மணந்தவர் பிள்ளைகள் எல்லாரும் குறையோடு பிறப்பார்கள் என்று நான் சொல்லவில்லை. மறைந்திருக்கும் சில நோய்கள் வெளிப்படும் வாய்ப்புக் கூடுகிறது; மாமனும் அக்காள் மகளும் மணந்தால் இன்னும் கூடுகிறது. அவ்வளவே.) மனிதர் வகுத்தது என்பதாலேயே முறை மட்டம் என்று ஆகிவிடாது. பிழைப்புத் தேடி எங்கெங்கோ போகும் குடிகளுக்கு, தெரிந்த வீட்டில் பெண் கொடுப்பது ஒரு காப்பு. ஆனால் மனிதர் வகுத்ததை, ஆடுகிறவர்கள் கூடிப் பேசி மாற்றலாம். அதற்கு ஆடுகிறவர்களைக் கேட்க வேண்டும்.

சட்டத்துக்குங்கூட வயது ஏற ஏறத்தான் அறிவு வந்திருக்கிறது. 1929இல் வந்த சாரதா சட்டம் பெண்ணின் திருமண வயதை 14 என்றது. 1949இல் 15 ஆயிற்று. 1978இல் 18, ஆணுக்கு 21. 2006ஆம் ஆண்டின் குழந்தைத் திருமணத் தடைச் சட்டம் 2007 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. 'நாம் பழங்குடியினர், இந்து திருமணச் சட்டம் நம்மைக் கட்டாது' என்று எங்கள் பக்கம் விவரம் தெரிந்தவர்கள் சொல்லுவார்கள். உண்மைதான்; 1955ஆம் ஆண்டுச் சட்டம் மத்திய அரசு தனியே அறிவித்தாலன்றிப் பழங்குடியினருக்குப் பொருந்தாது. ஆனால் 2006ஆம் ஆண்டுச் சட்டத்தில் அப்படி ஒரு விலக்கு இல்லை. அது மலைக்கும் உண்டு, சமவெளிக்கும் உண்டு. குழந்தைத் திருமணத்தை நடத்தி வைத்தவருக்கு இரண்டாண்டு வரை சிறையும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. குழந்தையாக இருந்தபோது மணம் முடிக்கப்பட்டவர், தாம் உரிய வயதை அடைந்த இரண்டு ஆண்டுக்குள் நீதிமன்றத்தில் அதைச் செல்லாததாக்கக் கேட்கலாம். இதை நான் தெரிந்துகொண்டபோது என் அக்காவுக்கு அந்தக் காலம் கடந்துவிட்டது. கடக்காமல் இருந்திருந்தாலும் அவள் கேட்டிருப்பாளா என்பது வேறு.

அந்தச் சட்டத்தில் 'குழந்தை' என்பதற்குப் பொருள் கொடுத்திருக்கிறார்கள்: பெண்ணானால் பதினெட்டு நிறையாதவர், ஆணானால் இருபத்தொன்று நிறையாதவர். எனக்கு இருபது. சட்டப்படி நானே இன்னும் குழந்தை! இந்தக் கட்டுரையைப் படிக்கும் மாணவ நண்பர்களில் பெரும்பாலோரும் அப்படியே. ஓட்டுப் போடலாம், கல்யாணம் கூடாது. இதைச் சொல்லி விடுதியில் சிரித்துக்கொண்டோம். ஆனால் எனக்கு அது பாதிச் சிரிப்புத்தான்.

2019–21இல் எடுத்த தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, 20 முதல் 24 வயதுள்ள பெண்களில் பதினெட்டுக்கு முன்பே மணமானவர்கள் இந்தியாவில் 23.3 விழுக்காடு, தமிழ்நாட்டில் 12.8. பாதியளவுதான் என்று மார்தட்டலாம். எட்டுப் பேரில் ஒருத்தி என்று திருப்பிச் சொல்லிப் பாருங்கள். என் அக்கா அந்த எட்டில் ஒருத்தி.

பெற்றோரைக் குற்றவாளிகளாக்க நான் எழுதவில்லை. அவர்கள் பயத்தை நான் அறிவேன். சாமையும் புளியும் ஆண்டு முழுதும் சோறு போடா. அப்பாக்கள் குடகுக்கும் சிக்கமகளூருக்கும் காப்பித் தோட்ட வேலைக்குப் போகிறார்கள். அம்மாவும் கூடப் போகும் வீடுகள் உண்டு. பன்னிரண்டாம் வகுப்பு முடித்த ஓராண்டு நானே அப்பாவோடு போய்வந்தேன். அதனால்தான் வகுப்பில் உங்களைவிட ஒரு வயது மூத்தவனாக இருக்கிறேன். வயதுக்கு வந்த பெண்ணை யாரிடம் விட்டுப்போவது? எவனோடாவது போய்விட்டால்? எட்டாவதுக்கு மேல் பள்ளி பல மைல் தூரம், காட்டு வழி. 2015 ஏப்ரல் 7ஆம் நாள் ஆந்திராவின் சேஷாசலக் காட்டில் செம்மரம் வெட்டப் போனவர்கள் என்று 20 தமிழர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். எங்கள் மலையைச் சேர்ந்தவர்களும் அதில் இருந்தார்கள். அந்த ஆண்டு எனக்குப் பத்து வயதுகூட நிறையவில்லை. அப்பா வேலைக்குப் போனால் திரும்பி வருவார் என்பதுதான் அதுவரை குடும்பம் என்பதற்கு எனக்குப் பொருள். அதன்பின் ஊரில் எல்லாருக்கும் ஒரே பேச்சு: 'நாம இருக்கறப்பவே பொண்ண ஒரு கையில புடிச்சுக் குடுத்துடணும்.' அடுத்த ஆண்டுதான் அக்கா கல்யாணம்.

ஆகவே விடுதியும் பேருந்தும் கூலியும் இல்லாமல் வெறும் அறிவுரையால் இது தீராது. ஆனால் அவை வரும்வரை கேட்காமலே இருக்கலாம் என்பதையும் நான் ஒப்ப மாட்டேன். கேட்பதற்குக் காசு வேண்டியதில்லை. காவலூரில், எங்கள் மலையின்மேல்தான், வைணு பாப்பு வானாய்வகம் இருக்கிறது. 1986 முதல் 2.34 மீட்டர் தொலைநோக்கி அங்கே இயங்குகிறது. எத்தனையோ ஆயிரம் ஒளியாண்டுக்கு அப்பாலுள்ள விண்மீனின் வயதை ஆராயும் அதே மலையில், எதிரே நிற்கும் பெண்ணின் வயதைக் கேட்க ஆளில்லையா?

எங்கள் ஆயா சொல்லும் கதை ஒன்று உண்டு. தர்ஸ்டன் 1909இல் வெளியிட்ட தென்னிந்தியக் குலங்கள் பற்றிய ஏழு தொகுதிகளிலும் அது இருக்கிறது. கங்குந்தி வேடர்கள், காஞ்சிபுரத்துக் காரைக்காட்டு வேளாளரிடம் பெண் கேட்டார்கள். அவர்கள் இகழ்ந்து மறுத்தார்கள். வேடர் சினந்து ஏழு கன்னியரைத் தூக்கிப் போனார்கள். மீட்கக் கிளம்பிய ஏழு ஆடவர் ஏழு நாய்களை அழைத்துக்கொண்டு, 'நாய் மட்டும் திரும்பினால் நாங்கள் இறந்தோம் என்று கருமம் செய்துவிடுங்கள்' என்று மனைவியரிடம் சொல்லிப் போனார்கள். பாலாற்றில் வெள்ளம். நாய்கள் பாதி ஆற்றில் திரும்பிவிட்டன. ஆடவர் அக்கரை சேர்ந்து வேடரைக் கொன்று ஊர் திரும்பினால், கருமம் முடிந்திருந்தது. மனைவியர் தாலி அறுத்திருந்தார்கள். செத்தவர்களுக்கு ஊரில் இடமில்லை. அவர்கள் வேடர் குலப் பெண்களை மணந்து ஜவ்வாது மலை ஏறினார்கள். அவர்கள் வழியில் வந்தவர்கள் நாங்களாம். இது வரலாறுதானா என்பதை வரலாற்றுத் துறை நண்பர்கள் ஆராயட்டும்.

ஆறு வயதில் இந்தக் கதையைக் கேட்டுவிட்டு நாய்களுக்காக அழுதேன். அவை ஏன் அக்கரை போகவில்லை, அப்புறம் அவற்றுக்குச் சோறு போட்டது யார் என்று ஆயாவைத் தொல்லை செய்தேன். பதினான்கு வயதில் சண்டை பிடித்தது; மானத்துக்காக ஆறு நீந்தியவர் வழி வந்தவன் நான் என்று நிமிர்ந்து நடந்தேன். இந்தப் பொங்கலில் ஆயா பேரப்பிள்ளைகளுக்கு அதே கதையைச் சொல்லிக்கொண்டிருந்தாள். அப்போதுதான் பெண்கள் என் கண்ணில் பட்டார்கள். தூக்கிப் போகப்பட்ட கன்னியர். கணவன் உயிரோடிருக்கத் தாலி இழந்த மனைவியர். தம் குலத்து ஆண்களைக் கொன்றவர்களுக்கே வாழ்க்கைப்பட்ட வேடர் பெண்கள். மூன்று கூட்டம் பெண்கள். ஒருத்தியாவது கதையில் ஒரு வார்த்தை பேசுகிறாளா? "அவங்க என்ன சொன்னாங்க ஆயா?" என்று கேட்டேன். ஆயா சற்று நேரம் என்னைப் பார்த்தாள். "யாரு கேட்டா?" என்றாள்.

அதற்கு மறுநாள், காணும் பொங்கல் அன்று, மாமன் வந்தார். அக்காவைக் கொடுத்தபோதே, மாமன் மகளை எனக்கு எடுப்பதாகப் பேச்சு. பெண் கொடுத்துப் பெண் எடுப்பது. அவள் இப்போது பதினோராம் வகுப்பு, வயது பதினாறு. வரும் வைகாசியில் வைத்துக்கொள்ளலாம் என்றார் மாமன். எனக்கு அவள்மேல் வெறுப்பு ஒன்றும் இல்லை. சின்ன வயதிலிருந்து 'உன் பொண்டாட்டி, உன் பொண்டாட்டி' என்று கேட்டுக் கேட்டு, அவளைத் தனி ஓர் ஆளாக நான் நினைத்ததே இல்லை என்பதுதான் உண்மை.

விடுமுறை முடிந்து அவள் விடுதிக்குத் திரும்பும் நாளில் ஜமுனாமரத்தூர் பேருந்து நிறுத்தத்தில் பார்த்தேன். சுற்றி வளைக்காமல், "வைகாசியில கல்யாணம்னு பேசறாங்க. உனக்குச் சம்மதமா?" என்று கேட்டேன்.

பையை ஒரு தோளிலிருந்து மறு தோளுக்கு மாற்றினாள். "என்னை யாரும் கேக்கல. நீயும் இன்னைக்குத்தானே மாமா கேக்கற" என்றாள். பிறகு, "பன்னண்டாவது முடிக்கணும். அப்புறம் நர்சிங். அதுக்கப்புறம் கேளு, சொல்றேன்" என்றாள்.

(இதை மலரில் எழுதட்டுமா என்றும் அவளைக் கேட்டேன். பெயர் போடாமல் எழுது என்றாள்.)

அப்பாவிடம் அன்றிரவே சொன்னேன். வைகாசி கிடையாது. அவளுக்குப் பதினெட்டும் எனக்கு இருபத்தொன்றும் ஆகட்டும். அப்போதும் அவளைக் கேட்ட பிறகுதான் பேச்சு. அப்பா கோபிக்கவில்லை. வெற்றிலையை மடித்துக்கொண்டே, "உன் அக்காள நெனச்சுப் பாத்தியா?" என்று மட்டும் கேட்டார். நினைக்காமல் இல்லை, நண்பர்களே. நான் மறுத்ததற்கு விலை கொடுக்கப் போகிறவள், அந்த வீட்டில் வாழும் என் அக்கா. அவளைக் கேட்காமல் கொடுத்தார்கள். அவளைக் கேட்காமலேதான் நானும் மறுத்தேன். இது அப்பா கேட்ட பிறகுதான் எனக்கு உறைத்தது.

சென்ற வாரம் அக்கா போன் செய்தாள். "நீ சொன்னது சரிதாண்டா" என்றாள். "மாமனார் பேசி ரெண்டு வாரம் ஆச்சு. சோறு போட்டா எடுத்துட்டு வெளிய போயிடறாரு. நீ கவலப்படாத. பரீட்சைக்குப் படி." பிறகு இளையவனிடம் போனைக் கொடுத்தாள். அவன் மூச்சு வாங்க, "மாமா, அண்ணனுக்குத் தம்பி இருக்கான். நான்தான்" என்றான். யார் சொல்லிக் கொடுத்தார்கள் என்று கேட்டேன். அம்மா என்றான்.

வருகிற சனிக்கிழமை அக்கா வீட்டுக்குப் போகிறேன். அந்த ஜியாமெட்ரி பாக்ஸ் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. அதை எடுத்துக்கொண்டு போகிறேன்.